மூட்டைக்கு உண்டு, ஆளுக்கு இல்லை

1.

இந்தக் கதை ஒரு திருட்டில் தொடங்கியது. என் அண்ணன் மகள் ரோசியின் கோபத்தைத் திருடிக்கொண்டுதான் இதை எழுத உட்கார்ந்தேன்.

ரோசி கனடாவில், ஒரு நகரத்தின் ஓரத்தில், வருடத்தில் ஐந்து மாதம் பனி கொட்டுகிற இடத்தில் இருக்கிறாள். பேருந்து நிறுத்தத்தில் நின்று நின்று காது மரத்துப்போய், லைசென்ஸ் எடுத்து, பழைய கார் ஒன்றை வாங்கினாள். இன்சூரன்சுக்குக் கேட்டால், ஒரு வருடத்துக்கு அவர்கள் சொன்ன தொகை காரின் விலையைவிட அதிகம்.

"உங்களுக்கு ஓட்டின சரித்திரம் இல்லையேன்றாங்க அத்தை. ஓட்ட விட்டாதானே சரித்திரம் வரும்?"

"அவ்ளோ கட்டினா எல்லாத்துக்கும் உண்டா?"

"எங்க? நான் வழுக்கிப் போயி இன்னொருத்தர் வண்டியில இடிச்சா, அவங்க வண்டிக்கு உண்டு. என் வண்டிக்கு வேணும்னா அதுக்குத் தனியா கட்டணுமாம்."

அன்று அவள் போனை வைத்துவிட்டாள். நான் வைக்கவில்லை. முப்பத்தோரு வருடம் பொன்னேரி நீதிமன்றத்தில் தட்டச்சராக இருந்தவள் நான். விபத்து இழப்பீட்டு வழக்குகள் எத்தனை தட்டியிருப்பேன் என்று எனக்கே தெரியாது. இறந்தவரின் வயது, மாத வருமானம், அதைப் பெருக்க வேண்டிய எண். எவ்வளவுதான் கசப்பாக இருந்தாலும் அந்தத் தாளில் ஆளுக்கு என்று ஒரு வரி இருக்கும். அந்த வரியே இல்லாத ஒரு தாளை நினைத்துப் பார்த்தேன். கதை அங்கே வந்தது.

பிறகு ஏன் ரோசியின் கதையை எழுதவில்லை? குளிர்சாதனப் பெட்டியின் மேல்தட்டைத் தவிர நான் எங்கும் பனியைப் பார்த்ததில்லை. எனக்குத் தெரிந்தது தண்ணீர். அதனால் காரைப் படகாக்கினேன், பனியை வாடைக்காற்றாக்கினேன், கனடாவைப் பழவேற்காடாக்கினேன். முந்நூற்று அறுபது வருடம் பின்னால் போனேன். இனி ரோசி இந்தக் கதையில் வரமாட்டாள்.

2.

முதல் தொடக்கம்: "1664ஆம் வருடம் ஐப்பசி மாதத்தில், ஒல்லாந்தர் கோட்டையின் கொத்தளத்தின் மேல்—"

நிறுத்திவிட்டேன். முதல் வாக்கியத்திலேயே கோட்டை வந்தால் அப்புறம் அது நகராது. நீங்கள் பீரங்கி கேட்பீர்கள்.

இரண்டாவது: "ரங்கம்மாள் அழகி." அடித்துவிட்டேன். வேலை கேட்டு வருகிறவளை ஏன் இப்படி அறிமுகப்படுத்த வேண்டும்?

மூன்றாவது: "ரங்கம்மாளுக்குப் பன்னிரண்டு வருடமாக ஏரியைத் தெரியும், கடலைத் தெரியாது."

இது இருக்கட்டும்.

பழவேற்காடு ஏரிக்குள் இருக்கிற பசியாவரம் தீவுதான் அவள் ஊர். (அன்றைக்கு அந்தத் தீவில் ஊர் இருந்ததா என்று கேட்காதீர்கள். இருந்ததாக வைத்துக்கொண்டேன்.) சுண்ணாம்புக்குளம் பக்கத்திலிருந்து கிளிஞ்சல் ஏற்றிக்கொண்டு வந்து சுண்ணாம்புச் சூளையில் கொட்டுவது அவள் பிழைப்பு. சொந்தப் படகு. பலகைகளைக் கயிற்றால் தைத்த, ஆணியே இல்லாத படகு. அவள் தம்பி பூபதியும் இன்னும் நாலு பேரும் துடுப்புப் போடுவார்கள்; பின்னால் நின்று திசை பார்ப்பது அவள். படகை நடத்துகிறவரைத் தண்டல் என்பார்கள். ஏரிக்குள் ஒரு பெண் தண்டலாக இருப்பதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, கிளிஞ்சலுக்கு மதிப்பில்லாததால்.

(கணவன் எங்கே என்று கேட்பீர்கள். இருக்கிறான், நல்லவன், கரையில் மீன் காயவைக்கிறான். கதை அவனுடையது இல்லை.)

அந்த வருடம் சூளைக்காரர் கிளிஞ்சல் போதும் என்றுவிட்டார். மிச்சமிருந்த வேலை ஒன்றுதான். ஒல்லாந்தர், அதாவது டச்சுக்காரர்களின் கப்பல்கள் ஆழம் போதாமல் தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்கும். ஊர் வியாபாரிகள் அவர்களுக்கு விற்ற துணி மூட்டைகளை ஏரியிலிருந்து முகத்துவாரம் வழியாக வெளியே கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். ஏரியும் கடலும் சேருகிற அந்த வாயில் மணல்திட்டு ஒன்று உண்டு. போன மாதம் இருந்த இடத்தில் இந்த மாதம் இருக்காது. மழைக்காலத்தில் அதைத் தாண்டுவதற்கு மூன்று மடங்கு கூலி.

3.

துணி வியாபாரி செங்கல்வராயனின் கிடங்கு ஏரிக்கரையில் இருந்தது. அவர் அங்கே வருவதில்லை. அவருடைய கணக்கர் சம்பந்தம் ஓலையும் எழுத்தாணியுமாக வாசலில் உட்கார்ந்திருப்பார். கெட்டவர் இல்லை. (முதல் வரைவில் அவருக்கு ஒரு கோணல் சிரிப்பு கொடுத்திருந்தேன். கோணல் சிரிப்பு வைத்தால் குற்றம் முழுவதும் அவர் உதட்டில் போய் உட்கார்ந்துவிடும் என்று எடுத்துவிட்டேன்.)

"தண்டலா? நீயா?" என்றார்.

"நான்தான். படகு என்னுது. ஆளுங்க கீறாங்க."

"முகத்துவாரம் தாண்டியிருக்கியா?"

"கிட்டக்கப் போயி பாத்துகினு வந்திருக்கேன்."

"அப்போ காப்புக் கூலி இருபதுல எட்டு."

காப்புக் கூலி என்பது இது: ஒவ்வொரு நடையிலும் தண்டலின் கூலியில் ஒரு பங்கை வியாபாரி பிடித்துக்கொள்வார். மூட்டை நனைந்தாலோ கடலோடு போனாலோ அந்தப் பொதுப் பணத்திலிருந்து நட்டம் ஈடாகும். தண்டல் தலையில் விழாது.* பழைய தண்டலுக்கு இருபதில் ஒரு பங்குதான் பிடிப்பார்கள். புதியவருக்கு மூன்று மழைக்காலம் முடியும்வரை எட்டு.

* இப்படி ஒரு வழக்கம் அங்கே இருந்ததற்கு என்னிடம் ஆதாரம் இல்லை. நானே உண்டாக்கினேன்.

"துளசிங்கம் மாமாவுக்கு ஒண்ணு. எனக்கு எட்டா?"

"துளசிங்கம் இருபது வருஷமா ஒரு மூட்டை நனைச்சதில்ல. நீ இன்னா பண்ணுவேன்னு யாருக்குத் தெரியும்?"

"நான் ஒண்ணும் நனைக்கலையே."

"நீ இன்னும் போவவே இல்லையேம்மா."

ரங்கம்மாள் யோசித்தாள். விலையைக் குறைக்கச் சொல்லி மன்றாடுவாள் என்று சம்பந்தம் காத்திருந்தார். நானும் அப்படித்தான் இரண்டு பக்கம் எழுதிவைத்திருந்தேன். அவள் வேறொன்று கேட்டாள்.

"எட்டு பிடிச்சிக்கோங்க. அது எதுக்கெல்லாம் உண்டு?"

"மூட்டைக்கு."

"படகு ஒடஞ்சா?"

"படகு உன்னுது."

"ஆளு செத்தா?"

சம்பந்தம் எழுத்தாணியைக் கீழே வைத்தார். அதிர்ச்சியெல்லாம் இல்லை, அவரிடம் யாரும் இதைக் கேட்டதில்லை, அவ்வளவுதான். "ஆளுக்கு எதுக்கு?" என்றார். உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார்.

"அப்டின்னா அதையும் எய்துங்க. எதுக்கு உண்டுன்றத எய்துறீங்க இல்ல, எதுக்கு இல்லைன்றதையும் எய்துங்க. எனக்குப் படிக்கத் தெரியாது. நீங்களே சத்தமா படிச்சிக் காட்டுங்க."

அன்று கரையில் ஏழு தண்டல்கள் இருந்தார்கள். சம்பந்தம் படித்தார்: மூட்டைக்கு உண்டு. படகுக்கு இல்லை. துடுப்புக்கு இல்லை. ஆளுக்கு இல்லை.

துளசிங்கம் வலையைத் தோளில் போட்டபடி நின்று கேட்டார். ஐம்பது வயது, கருங்காலி மாதிரி உடம்பு. இருபது வருடமாக ஒரு பங்கு கொடுத்தவர். அவருக்குக் கோபம் வந்தது. கணக்கர் மேல் இல்லை, ரங்கம்மாள் மேல்.

"இன்னாத்துக்கு இத இங்க படிக்க வெக்கிற? கடலுக்குப் போற நேரத்துல சாவப் பத்திப் பேசிகினு. நாங்கல்லாம் முட்டாளா?"

"நான் அப்டி சொல்லல மாமா."

"சொல்லாமலே சொல்லிட்ட."

அவர் போய்விட்டார். இந்த இடத்தில் மற்ற ஆறு பேரும் கொதித்தெழுந்ததாக எழுத ஆசைப்பட்டேன். அவர்கள் எழவில்லை. அவரவர் படகுக்குப் போனார்கள்.

4.

இந்த இடத்தில் எனக்கு ரங்கம்மாள் மேல் சந்தேகம் வந்தது. இவ்வளவு துணிச்சல் ஒரு பெண்ணுக்கு, அந்தக் காலத்தில்? வாசகர் நம்புவாரா? படித்துப் பார்த்த ஒரு நண்பரும், "கொஞ்சம் அழ வையுங்கள், இயல்பாக இருக்கும்" என்றார்.

அழ வைத்துப் பார்த்தேன். "ரங்கம்மாள் கண்களைத் துடைத்துக்கொண்டு—" வாக்கியம் அங்கேயே நின்றுவிட்டது. ஒரு வாரம் நின்றது.

பிறகுதான் புரிந்தது. அவளிடம் இருப்பது துணிச்சல் இல்லை, பயம். முகத்துவாரம்வரை போய், தாண்டாமல் திரும்பி வந்தவள் அவள். பயந்தவர்கள்தான் எதற்கு உண்டு, எதற்கு இல்லை என்று கேட்பார்கள். பயத்தை வெளியே காட்டாதே என்று அவளுக்கு யாரும் கற்றுத்தரவில்லை, அதனால் கேட்டுவிட்டாள். அழு என்றால் அழுகிற பெண்ணாக அவளை மாற்ற என்னால் முடியும். பேனா என் கையில் இருக்கிறது. மாட்டேன்.

(ஒரு விஷயம் இன்னும் உண்டு. அவர்கள் உண்மையில் எப்படிப் பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. என் தெருவின் பேச்சைக் கொடுத்திருக்கிறேன். சரித்திர நாவல் தமிழ்தான் வேண்டும் என்பவர்கள் அரசர்களைப் பற்றிப் படித்துக்கொள்ளலாம்.)

5.

பதினோரு நடை ரங்கம்மாள் நல்லபடியாகப் போய்வந்தாள். ஒரு மூட்டையின் ஓரம்கூட நனையவில்லை. எட்டு எட்டாகவே இருந்தது.

பன்னிரண்டாவது நடை கார்த்திகை மாதத்தில், ஒரு முற்பகலில். வாடை இரண்டு நாளாக அடித்துக்கொண்டிருந்தது. கப்பல் அன்றே பாய் விரிக்க வேண்டும் என்று செங்கல்வராயனிடமிருந்து ஆள் வந்திருந்தது. முன்னால் துளசிங்கத்தின் படகு, ஏழு பேர். இருநூறு முழம் பின்னால் ரங்கம்மாள், பன்னிரண்டு மூட்டையோடு.

மணல்திட்டின் மேல் பெரிய அலைகள் வரிசையாக வரும், அப்புறம் ஓர் இடைவெளி கிடைக்கும். அதில் புகுந்து போக வேண்டும். துளசிங்கம் சரியாகத்தான் புகுந்தார். அவர் கணக்குத் தப்பவில்லை. திட்டுத்தான் இரவோடு இரவாக இருபது முழம் நகர்ந்திருந்தது. படகின் அடி மணலில் தட்டியது. படகு ஒரு நொடி நின்றது. அடுத்த அலை அதைக் குறுக்கே திருப்பியது. அதற்கடுத்த அலையில் கவிழ்ந்தது.

ரங்கம்மாளின் கண்ணுக்கு முதலில் மூட்டைகள்தான் தெரிந்தன, வெள்ளையாக மிதந்தன. பிறகு தலைகள்.

"நிறுத்துங்க," என்றாள். "துடுப்ப எதிர்ல போடுங்க. அப்டியே புடிச்சிகினு இருங்க."

பூபதி திரும்பிப் பார்த்தான். "நம்ம படகுல எடமில்ல அக்கா. ஒரு ஆளு ஏறினாலே தண்ணி உள்ள வரும்."

"மூட்டையத் தள்ளு."

"இன்னா?"

"தள்ளுடா. அத்தினியும்."

"கடலு எடுத்தாதான் காப்பு. கையால தள்ளினா நம்ம தலையிலதான் விடியும். படகே போயிடும்."

"தெரியும். தள்ளு."

பன்னிரண்டு மூட்டை. ஒவ்வொன்றையும் தூக்க இரண்டு ஆள் வேண்டும். நாலு பேர் துடுப்போடு படகைப் பிடித்து நிற்க, அக்காவும் தம்பியும் தள்ளினார்கள். ஏழாவது மூட்டையில் ரங்கம்மாளின் வலதுகை நகம் ஒன்று பெயர்ந்தது. அவள் அப்போது கவனிக்கவில்லை. முதல் ஆளை இழுத்துப் போட்டார்கள், பிறகு இன்னொருவர். துளசிங்கம் கடைசியாகத்தான் வந்தார்; வரமாட்டேன் என்று கவிழ்ந்த படகைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"வேணு எங்க?" என்று கேட்டார் ஏறியதும். "வேணு தண்ணியில எனக்குப் பின்னாடி இருந்தான்."

வேணு முன் துடுப்புக்காரன். அவனைத் தேடி மூன்று முறை அலைக்குள் போய்வந்தார்கள். நாலாவது முறை போக முடியவில்லை. ஆறு பேரோடு கரைக்குத் திரும்பினார்கள்.

வேணுவின் மனைவி மணியம்மாள் கரையில் நின்று தலைகளை எண்ணினாள். எண்ணி முடித்ததும் மணலில் உட்கார்ந்தாள். அவளைப் பற்றி இப்போது இதற்குமேல் எழுத மாட்டேன்.

6.

இரண்டு நாள் கழித்து சம்பந்தம் கிடங்கு வாசலில் எல்லாரையும் கூப்பிட்டார்.

துளசிங்கத்தின் மூட்டைகள் கடலோடு போனவை. அவற்றுக்குக் காப்பு உண்டு. ரங்கம்மாளின் மூட்டைகள் கையால் தள்ளப்பட்டவை என்று கேள்வி. அப்படியானால் இல்லை. பதிலுக்குப் படகைப் பிடித்துக்கொள்ளச் சொல்லி மேலிடத்து உத்தரவு.

பிறகு சம்பந்தம் குரலைத் தாழ்த்தினார். நான் சொன்னேனே, அவர் கெட்டவர் இல்லை.

"ரங்கம்மா, அலை பெரிசா வந்துச்சு. படகு சாஞ்சுச்சு. மூட்டைங்க தானா சரிஞ்சி விழுந்துச்சு. இப்டிதான நடந்துச்சு? ஆமான்னு சொல்லு. எழுதிட்டுப் போறேன். உன் படகு உனக்கு."

துளசிங்கம் முன்னால் வந்தார். "ஆமாய்யா. நான் தண்ணியில கெடந்தேன். கண்ணால பாத்தேன். அலைதான் இஸ்துகினு போச்சு."

இருபது வருடமாகப் பொய் சொல்லாத மனுஷன். அந்த ஒரு பொய்க்காக நான் அவரை மன்னிப்பேன். ரங்கம்மாள் அவரைக் கையெடுத்துக் கும்பிட்டாள். அவர் இனி பேச வேண்டாம் என்று அதற்கு அர்த்தம்.

"அலை எடுக்கல. நான் தள்ளினேன்."

"ரங்கம்மா..."

"அலை எடுத்துச்சுன்னு எய்தினா, ஆளுக்காவ மூட்டைய தள்ளலாம்னு எங்கியும் இருக்காதே. நாளைக்கி இன்னொருத்தன் தண்டலா நிப்பான். தலைங்க மெதக்கும். அவன் மூட்டைய பாப்பான், ஆள பாப்பான், காப்ப நெனப்பான். அந்த நெனப்புலயே ரெண்டு பேரு முழுகிடுவாங்க. நான் தள்ளினேன்னே எய்துங்க. ஆளுக்காவ தள்ளினேன்னு எய்துங்க."

"எழுதினா படகு போயிடும்."

"போவட்டும்."

சம்பந்தம் எழுதினார். படகு போனது. கிடங்குக்குப் பக்கத்தில் இழுத்துக் கட்டினார்கள்.

இந்தப் பிடிவாதம் தேவைதானா என்று நானே அவளிடம் கேட்டேன். (கேட்க முடியும், எழுதுகிறவளுக்கு அந்த வசதி உண்டு.) அன்று மாலை குடிசையில் பெயர்ந்த நகத்துக்கு மஞ்சள் வைத்துக் கட்டும்போது அழுதாள். நண்பருக்குச் சொல்லுங்கள், அழுதுவிட்டாள்.

7.

வாடையில் கப்பல் கிளம்ப முடியாமல் நின்றுவிட்டது; மறுநாள் காலையில் காற்று சற்றுத் தணிந்ததும் அதற்கு மிச்ச மூட்டைகள் போக வேண்டும். துளசிங்கத்தின் படகு கவிழ்ந்து போனதால், ரங்கம்மாளின் படகை எடுத்துக்கொண்டு போகச் சொல்லி அவரிடம் சொன்னார்கள்.

அவர் அந்தப் படகைச் சுற்றி ஒரு முறை நடந்தார். பக்கத்தில் மணலில் உட்கார்ந்துகொண்டார்.

"இது யாரு படகுன்னு எனக்குத் தெரியும்," என்றார். "ஆளுக்கு இன்னா வழின்னு சொல்லுங்க. அப்பால நான் போறேன்."

"உன் பங்கு ஒண்ணுல இருந்து எட்டாயிடும் துளசிங்கம்," என்றார் சம்பந்தம்.

"ஆவட்டும்."

மற்ற ஆறு தண்டல்களும் ஒருவர் பின் ஒருவராக வந்து உட்கார்ந்தார்கள். கொதித்தெழவில்லை, வெறுமனே உட்கார்ந்தார்கள். துடுப்புக்காரர்களும் உட்கார்ந்தார்கள். தூரத்தில் கப்பல் ஆடிக்கொண்டிருந்தது. வாடை மறுபடி ஏறுகிறது என்று எல்லாருக்கும் தெரிந்தது. இன்று ஏற்றாவிட்டால் கப்பல் அந்த மூட்டைகள் இல்லாமலே போய்விடும்.

உச்சிவேளையில் செங்கல்வராயனிடமிருந்து பதில் வந்தது. சம்பந்தமே வந்து சொன்னார். ரங்கம்மாளுக்குப் படகு திரும்பக் கிடைக்கும். பன்னிரண்டு மூட்டையின் நட்டத்தை மறந்துவிடுவார்கள். அவளுக்கும் இனி இருபதில் ஒரு பங்குதான். ஆளுக்கு மட்டும் எழுத முடியாது. வேணு வீட்டுக்குத் தருமமாக ஏதோ கொஞ்சம் கொடுப்பார்கள், அரை மூட்டை விலை அளவுக்கு.

நாற்பது முகங்கள் ரங்கம்மாளைப் பார்த்தன. அவளுக்கு எல்லாமும் வந்துவிட்டது, அவள் கேட்ட ஒன்றைத் தவிர.

"என்னக் கேக்காதீங்க," என்றாள். "அவளக் கேளுங்க."

மணியம்மாள் எழுந்து வந்தாள்.

"அரை மூட்டைன்னீங்களே. முழு மூட்டை கடலோட போனா அதுக்கு முழு வெலை உண்டு இல்ல?"

"உண்டும்மா."

"எங்க ஊட்டுக்காரரு முழுசாதான்யா போனாரு." சம்பந்தத்தின் முகத்தை நேராகப் பார்த்தாள். "தருமம் வேணாம். அவரு பேரு போட்டு, இவருக்கு உண்டுன்னு எய்துவீங்களா, மாட்டீங்களா? அத சொல்லுங்க."

8.

இங்கே நிறுத்துகிறேன்.

முடிவுகள் மூன்று எழுதினேன். ஒன்றில் சம்பந்தம் எழுதிவிடுகிறார்; கடலுக்குப் போகிற ஒவ்வொருவர் பெயரும் ஓலையில் ஏறுகிறது. படிக்கச் சுகமாக இருந்தது, அதனால் நம்பவில்லை. இன்னொன்றில் வடக்கேயிருந்து வேறு படகுக்காரர்களைக் கொண்டுவருகிறார்கள். பசியாவரம் அந்த மழைக்காலம் முழுவதும் பட்டினி கிடக்கிறது. நடந்திருக்கக்கூடியது, அதற்காக நான் அதை எழுத வேண்டும் என்று இல்லை. மூன்றாவதில் சம்பந்தம் எழுத்தாணியைக் கீழே போட்டுவிட்டு மணலில் அவர்களோடு உட்கார்கிறார். அது சினிமா.

ஆகவே உங்களிடம் விடுகிறேன். சம்பந்தத்தின் இடத்தில் நீங்கள் நில்லுங்கள். பின்னால் மேலிடத்து உத்தரவு, எதிரில் மணியம்மாள். அவர் என்ன சொன்னார் என்பதை நீங்கள் சொல்லலாம். எழுதுவேன் என்றாலும் சரி, மாட்டேன் என்றாலும் சரி, உங்கள் விருப்பம். உங்கள் பெயரில் அது இருக்கட்டும்.

ஒரே ஒரு முடிவுக்கு மட்டும் என் அனுமதி இல்லை. அவளுக்குப் பதில் சொல்லாமல் பேச்சை மாற்றி, காற்று ஏறுகிறது, நேரமாகிறது என்று படகுகளைத் தள்ளிவிடுகிற முடிவு. அதை மட்டும் எழுத நினைக்காதீர்கள். நாற்பது பேரும் இன்னும் அங்கேதான் உட்கார்ந்திருக்கிறார்கள். அப்படி நீங்கள் எழுதினாலும், அவர்கள் எழுந்திருக்க மாட்டார்கள்.